நீ கேட்டு வாங்கிய ஒரு பிடி அரிசி

இன்று காலை கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. "தாத்தா, பச்சரிசி சின்னப் பாக்கெட் இருக்கா? எங்க பெரியப்பா தவறிட்டாரு லா. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க," என்றாள். சின்னப் பாக்கெட்டே ஒரு கிலோ. அவளுக்கு வேண்டியது ஒரு பிடி. மூட்டையைப் பிரித்து, கையால் அள்ளி, தாளில் மடித்துக் கொடுத்தேன். எவ்வளவு என்று கேட்டாள். "வாய்க்கரிசிக்கு இந்தக் கடையில காசு வாங்கறதில்லம்மா. நீ போ, நேரமாவுது," என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகும் மூட்டைக்குள் கையை விட்டபடியே நின்றேன். பச்சரிசிக்கு ஒரு வாசனை உண்டு. சாக்கு வாசனையும் தவிட்டுத் தூசியும் கலந்து மூக்கில் ஏறும். அது ஏறினால் நீ வந்துவிடுகிறாய். வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில் பேனா, கக்கத்தில் ஏதாவதொரு மசோதா. என் கடைக் கதவு உன் உயரத்துக்குப் பத்தவில்லை என்று திட்டிக்கொண்டே குனிந்து வருகிறாய். அடேய், செத்த பிறகாவது குனியாமல் வரக் கூடாதா?

நீ உட்காரும் பெஞ்சு இன்னும் இருக்கிறது. அதன்மேல் மீ நூடுல்ஸ் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். கோலசிலாங்கூரில் இப்போது இந்தக் கடைக்கு வருகிறவர்கள் யாரும் உட்காருவதில்லை, வாங்கியதும் போய்விடுகிறார்கள். நாள் முழுக்க நான் பேசுவது விலைதான்.

உன்னைப் பார்த்தவர்களெல்லாம் உன்னை மெம்பர் என்று கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். எலெக்‌ஷனுக்கு உனக்காகச் சுவரில் ஒட்டிய பசை என் கடை மாவில் காய்ச்சியது. ஜெயித்து மாநிலச் சட்டசபைக்குப் போன பிறகும் தோட்டத்து ஜனங்களுக்கு நீ டிரஸர் ஐயாதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கழுவியவன், ஊசி போட்டவன், செத்தால் செத்தார் என்று எழுதிக் கொடுத்தவன். என் காலில் ஆணி குத்திச் சீழ் வைத்தபோது நீதானே கழுவினாய்? நான் அலறிய அலறலுக்கு, "முதலாளி, இப்படிக் கத்துனா மூட்டையெல்லாம் பயந்து ஓடிரும்," என்றாய். அப்போது நான் முதலாளியே இல்லை, பக்கத்துக் கடையில் சம்பளத்துக்கு நின்றவன். அன்றிலிருந்து கடைசிவரை எனக்கு அதுதான் பெயர்.

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம் அது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் ஏதோ கதை என்கிறார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று தோட்டத்து லயங்களை, வரிசையாய்க் கட்டிய கூலிவீடுகளை, சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். அது போதாதென்று, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் வீட்டில் உலை வைக்கவே தடை வந்தது. தோட்டத்துக்கு ஒரு பொதுச் சமையல்கூடம், அதை மேற்பார்க்க ஒரு மண்டோர், அவர் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ். வேலை முடிந்து வந்து சட்டி நீட்டினால் வெந்த சோறு. வேகாத அரிசி ஒரு மணி கையில் இருந்தாலும் குற்றம். சோறு மறுநாள் காலையில் ஊசிப்போகும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. கோலம் போட மாவுகூட இல்லாமல் வாசல்கள் வெறும் மண்ணாய்க் கிடந்தன. ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்களை விடியற்காலையில் வேலி வாசலில் நிறுத்தித் தடவிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அந்தத் தடை இல்லை. என் கடையில் மூட்டை மூட்டையாய் அரிசி இருந்தது. கார்டு பார்த்து, அளவு பார்த்து விற்றேன். பத்துப் பதினைந்து மைல் தள்ளி ஒரு மணி இல்லை. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது என்று நான் சொன்னதும் நீ, "இறங்காதுன்னு சொல்லிக்கிட்டே ரெண்டாவது தட்டு திங்கறே," என்றாய். உண்மைதான், தின்றேன்.

உன் வேலையை நான் கிட்ட இருந்து பார்த்தேன். ஜனங்கள் நினைத்தது போல மேடையும் மாலையும் அதில் கொஞ்சம்தான். லயத்துக் குழாய்க்கும் கக்கூசுக்கும் ஒரு மசோதா வந்ததே, அதை இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பாய். இங்கிலீஷில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். மிளகாய் வாங்க வந்த கிழவர் ஒருவர் கை கூப்பிக்கொண்டு நின்றுவிட்டார், மந்திரம் ஓதுகிறாய் என்று. முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, பிறகு குழு, பிறகு மூன்றாம் வாசிப்பு என்று எனக்கு விளக்கினாய். "இத்தனை தரம் வாசிச்சும் குழாயில தண்ணி வரலியே?" என்று கேட்டேன். "வாசிக்கறவன் வீட்டுல தண்ணி வருதுடா, அதான் அவசரமில்ல," என்றாய். குழுவில் அந்த மசோதாவை வெட்டி வெட்டிக் குழாய் பற்றிய பிரிவையே எடுத்துவிட்டார்கள். அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்து உட்கார்ந்தாய்.

அப்போதுதான் அதைச் சொன்னாய். "அங்க எல்லாரும் எங்கூடப் பேசறாங்கடா. சாப்பாட்டு நேரத்துல எங்கூட உக்காரத்தான் யாரும் இல்ல." கோலாலம்பூரில் அத்தனை பெரிய கட்டடத்தில் நீ வாழைப்பழத்தைத் தனியே மரத்தடியில் நின்று தின்றுவிட்டு உள்ளே போவாய் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். "கடைய யாரு பாக்கறது, எலியா?" என்று சிரித்தாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதக்கோயில் ஆராதனை முடித்து, மத்தியானம் மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாய்ப் போவாய். பெரட்டுக்களத்தில், அதாவது விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்த வெட்டவெளியில், ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவாய். கொடுத்த சாயாவைக் குடிப்பாய். யார் வாயைத் திறந்தாலும் முதலில் அவர்கள் நாக்கைப் பார்ப்பாய், டிரஸர் பழக்கம் போகவில்லை. குறை கேட்டுக் குறித்துக்கொள்வது அதற்குப் பிறகுதான்.

நான் உன்னோடு வராத ஒரே மாதம், என் பெண்டாட்டி பிள்ளைகளைக் கப்பலேற்றப் போன மாதம். ரோட்டில் பஸ்ஸை எரிக்கிறார்கள், பாலத்தில் சுடுகிறார்கள் என்று அவள் பயந்துபோனாள். கொஞ்ச நாள் இந்தியாவில் எங்கள் ஊரில் இருக்கட்டும், சண்டை ஓய்ந்ததும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேற்றிவிட்டு வந்தேன். சின்னவன் கை ஆட்டிக்கொண்டே போனான். அந்த மாதம்தான் தோட்டத்தில் சின்னப்பொண்ணு என்பவளின் புருஷன் காய்ச்சலில் போனான்.

நீ போனபோது அவள் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். "செத்த வூட்டுக்கு அரிசி இல்லீங்கய்யா, டிரஸரய்யா. இப்படி அனுப்பிட்டமே," என்று மட்டும் சொல்லி அழுதாளாம். நீ உடனே எழுந்துவிட்டாய். சாவு வீட்டில் பிள்ளைகள் பசியோடு கிடக்கின்றன என்று நினைத்தாய். கோலாலம்பூரில் உணவுக் கட்டுப்பாட்டுக் குழுவில் மேசையைத் தட்டிப் பேசினாய். யாரும் எதிர்க்கவில்லை, வெந்த சோறுதானே. இறப்பு நடந்த வீட்டுக்குப் பொதுச் சமையல்கூடத்திலிருந்து கூடுதலாக ஓர் அண்டா சோறு என்று உத்தரவு வாங்கிவிட்டாய். நான் திரும்பி வந்ததும் என்னிடம் சொல்லக்கூட இல்லை. நேரே தோட்டத்துக்கு வா, அங்கே சொல்கிறேன், நீயும் கேள் என்றாய். மூஞ்சி முழுக்க அப்படி ஒரு சந்தோஷம்.

பெரட்டுக்களத்தில் நின்று நீ அறிவித்தாய். ஒருத்தரும் கை தட்டவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னப்பொண்ணுதான் எழுந்தாள். பால் வெட்டுகிறவள், ஒல்லியான ஆள், குரல் மட்டும் கணீரென்று இருக்கும்.

"டிரஸரய்யா கோவிச்சுக்கக் கூடாது. சாவு வூட்டுல யாருங்கய்யா சோறு திம்பாங்க? பொணம் எடுக்கற வரைக்கும் அடுப்பே மூட்ட மாட்டோம். நாங்க கேட்டது அவரு வாயில போட ஒரு புடி அரிசிங்கய்யா."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

"அப்ப என்ன போட்டீங்க?" என்று அவளைக் கேட்டாய்.

"குடுத்த சோத்தத்தான் போட்டோம். ஊசிப்போன சோறு. வாய்க்கரிசி போடறாப்பல இல்லீங்க, எச்சி எலையில மிஞ்சுனத வழிச்சுப் போட்டாப்பல இருந்துச்சு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் நீ என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே! மோட்டார் சைக்கிள் சத்தத்தையும் மீறி ஈஜோக் வரைக்கும் கேட்டிருக்கும். "ஏண்டா எனக்குச் சொல்லல? உங்க வழக்கம்தானே இது?" என்றாய். "நீ என்னைக் கேட்டியா? அண்டா சோறு வாங்கிட்டு வந்துட்டு இப்பக் கேக்கறே," என்று நானும் கத்தினேன். உனக்கு எப்படித் தெரியும்? கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே மிஷன் விடுதிக்குப் போனவன். உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவ வேதம். எத்தனையோ லயத்துச் சாவுகளுக்கு நீ போயிருந்தாய், ஆனால் நாடி பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, அழுகை தொடங்குமுன் கிளம்பிவிடுவாய். அதற்குப் பிறகு நடப்பதை நீ பார்த்ததே இல்லை.

மறுநாள் மத்தியானம் கடைக்கு வந்து, "செஞ்சு காட்டுடா," என்றாய். எதை என்றேன். நீ இந்தப் பெஞ்சில் மல்லாந்து படுத்துவிட்டாய். பாதிக் கால் வெளியே தொங்கியது. பைத்தியமா உனக்கு என்று கேட்டேன். "குழுவுல போயி எது கேக்கறேன்னு எனக்கே தெரியாம எப்படிடா கேக்கறது? இன்னொரு தரம் அசிங்கப்பட முடியாது. போடு," என்றாய். சரியென்று அரிசியை அள்ளினேன். தலைமாட்டில் நின்று, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராய்ச் சுற்றி வருவார்கள், இப்படிப் புறங்கையைத் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாய் வாயில் விடுவார்கள், வழிக்குச் சாப்பாடு என்று சொல்வார்கள், இதற்குப் பிறகு அந்த முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே உன் உதட்டில் போட்டேன். உனக்குக் கூச்சம் தாங்கவில்லை. உதடு துடித்தது, சிரிப்பை அடக்கி அடக்கிக் கடைசியில் அரிசியைப் புஸ்ஸென்று என் மூஞ்சியிலேயே ஊதினாய்.

அந்த நேரம் பார்த்துத்தானா எதிர்வீட்டு அம்மா எண்ணெய் வாங்க வர வேண்டும்! "ஐயையோ, டிரஸரய்யா போயிட்டாரே!" என்று அலறிக்கொண்டு அவள் தெருவில் ஓட, நீ எழுந்து பின்னாலேயே ஓட, பிணம் எழுந்து துரத்துகிறது என்று அவள் இன்னும் வேகமாய் ஓட, அன்றைக்குக் கடைத்தெருவே சிரித்தது. நாம் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சரிந்தோம்.

சிரித்து ஓய்ந்த பிறகு நீ தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கத் தொடங்கினாய். பொறுக்கிக்கொண்டே, "இவ்வளவுதானா? இதுகூட இல்லாமயா அனுப்பியிருக்கோம்?" என்றாய். பிறகு நிமிராமலே கேட்டாய்: "உனக்கு யாருடா போடுவா? எல்லாரையும் கப்பலேத்திட்டியே."

எனக்குச் சுருக்கென்றது. "போயிட்டு வந்துருவாங்க," என்றேன்.

"வரலைன்னா நான் போடறேன். இப்பத்தான் கத்துக்கிட்டேனே," என்றாய். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

குழுவுக்கு ஒரு பிடி அரிசியைக் கையோடு கொண்டுபோக வேண்டும், கண்ணால் பார்த்தால்தான் அவர்களுக்கு விளங்கும் என்று பிடிவாதம் பிடித்தாய். தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். நம் இரண்டு பேருக்கும் மூளை இருந்ததா? ஈஜோக் பக்கம் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தவர்கள் உன் பையில் அரிசியைக் கண்டுபிடித்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாத அரிசி! சட்டசபை மெம்பரை ரப்பர் மரத்தடியில் நிற்க வைத்துவிட்டு, மேலதிகாரிக்கு ஆள் அனுப்பினார்கள். வந்த அதிகாரி உன் கார்டைப் பார்த்துச் சங்கடப்பட்டு, தன் ஜீப்பிலேயே உன்னைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப் போனார். பிடிபட்ட பொட்டலம் அவர் கையில். குழு நடக்கும் அறைக்குள் அதை அவரே கொண்டுவந்து மேசைமேல் வைத்தாராம். "என் சாட்சிய போலீசே ஜீப்புல ஏத்திக் கொண்டாந்துச்சுடா," என்று நீ பின்னால் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்!

அறைக்குள் நடந்ததையும் நீ சொல்லித்தான் தெரியும். குழுவிலிருந்த வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரிக்கு ஒரே கவலை, இடுகாடு காட்டோரம் இருக்கிறது, அரிசி கை மாறிவிடும் என்று. நீ பொட்டலத்தைப் பிரித்து, இதை வைத்துக் காட்டுக்குள் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கேட்டாய். அவர் சிரிக்கவில்லை. வழக்கங்களுக்கெல்லாம் விலக்குக் கொடுத்தால் தடை எதற்கு என்றார். அப்போது நம் மாவட்ட அதிகாரி, அந்த அமைதியான மலாய்க்காரர், அந்த அரிசியையே பார்த்துக்கொண்டு, "செத்தவருக்குச் செய்ய வேண்டியதை எங்க கம்பத்து ஊருலயும் யாரும் தள்ளிப்போட மாட்டோம். இதைக் கொடுத்துடலாம்," என்றாராம். அதோடு குழு ஒத்துக்கொண்டது என்றாய்.

விதி வந்தது. ஒவ்வொரு இறப்புக்கும் ஒரு பிடி பச்சரிசி. பொதுச் சமையல்கூடத்து மண்டோர் கொடுக்க வேண்டும், வாசல் போலீஸ் கையெழுத்துப் போட வேண்டும், மிச்சத்தைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தாய். "மிஞ்சுன வாய்க்கரிசியத் திருப்பிக் குடுப்பாளுங்களா? வாங்கத்தான் எவனுக்குத் தைரியம் இருக்கு?" என்றேன். விஷயம் விளங்கியதும் எந்தப் போலீசும் அதைக் கையால் தொடவில்லை.

சந்தோஷம் அதோடு முடிந்தது. கட்சியில் உன்னைக் கேலி பேசினார்கள், குழாயைக் கோட்டைவிட்டவன் பிணத்துக்கு அரிசி வாங்கி வந்தான் என்று. கோயிலில் மூப்பர் ஒருவர், கிறிஸ்தவன் போய் அஞ்ஞானச் சடங்குக்கு வாதாடலாமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "வாயும் அவங்களுது, அரிசியும் அவங்களுது. நடுவுல இருக்கற கம்பி மட்டும்தான் சர்க்காருது. நான் கம்பியப் பத்தித்தான் பேசினேன்," என்று பதில் சொன்னாய். அதற்குப் பிறகு அவர் உன் பக்கத்தில் உட்காரவில்லை. கோயிலிலும் உனக்கு அந்த மரத்தடிதான் கிடைத்தது. நீ எனக்குத் தெரியாமல் வருத்தப்பட்டாய், எனக்குத் தெரியும்.

தோட்டத்துக்குப் போய் விதியைச் சொன்ன அன்று சின்னப்பொண்ணு கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? "போனவருக்கு இப்பப் போடலாங்களாய்யா?" அத்தனை மசோதா படித்தவன், விதித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். விதி இனிமேல் சாகிறவர்களுக்குத்தான். அடுத்து ஒரு வயசாளி செத்தபோது நாம் இரண்டு பேரும் போயிருந்தோம். இடுகாட்டில் எல்லாரும் போட்டார்கள். சின்னப்பொண்ணு தன் பங்கில் பாதியைப் போட்டுவிட்டு, மூடிய கையோடு நாலைந்து குழி தள்ளிப் போனாள். புருஷன் மண்மேட்டின் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிச்சப் பாதியை மண்ணில் போட்டாள். காவலுக்கு வந்த போலீஸ் பார்த்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். நீ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய்.

அந்த இருமலை நான் சிரிப்பு என்று நினைத்தேன். நீயே டிரஸர், உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அடுத்த கூட்டத்துக்குக் குழாய்ப் பிரிவை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தாய். கம்பிவேலி இன்னும் பிரிக்கப்படவில்லை, சமையல்கூடம் இன்னும் மூடவில்லை, நீ போய்விட்டாய். உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் வெறுங்கையோடு வந்தேன். உங்கள் முறை வேறு, பாட்டும் ஜெபமும் மண்ணும்தான் என்று எனக்குத் தெரியும். கூடத்தில் பெட்டிக்குள் நீ படுத்திருந்தாய். போதகர் வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். மூப்பரும் வந்திருந்தார். அப்போது வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. தோட்டத்துப் பெண்கள். முன்னால் சின்னப்பொண்ணு, வலது கையை இறுக மூடியபடி.

தோட்டத்து வேலி வாசலில் என்ன நடந்தது என்று லோரிக்காரர் பிறகு சொன்னார். சமையல்கூடத்து மண்டோர், "டிரஸர் இந்தத் தோட்டத்து ஆளா? விதி அப்படி இல்லையே," என்றாராம். "அவரு இல்லாட்டி இந்த விதியே இல்ல. எங்க வூட்டுச் சாவுன்னு எழுதுங்க," என்று சின்னப்பொண்ணு சொன்னாளாம். வாசலில் நின்ற மலாய்க்காரப் போலீஸ் பையன் பேரைக் கேட்டானாம், கையெழுத்துப் போட்டானாம். நீ போட்ட விதியில் நீயே ஓர் இறப்பாகப் பதிவாகிவிட்டாய்.

அவள் உள்ளே வரத் தயங்கி, செருப்பில்லாத காலைப் படியில் தேய்த்துக்கொண்டு நின்றாள். நான் தங்கச்சியிடம் போனேன். உன் பெண்டாட்டியை நான் வேறு எப்படிக் கூப்பிட்டேன்? "தங்கச்சி, அவங்க அரிசி கொண்டாந்திருக்காங்க. என்னா சொல்றே?" என்றேன். அவள் உன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவரு வாங்கிக் குடுத்த அரிசிதானேண்ணே. போடட்டும்," என்றாள். போதகர் வேதத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். மூப்பர் வெளியே போவார் என்று பார்த்தேன். அவர் போகவில்லை.

ஒவ்வொருத்தியாய்ப் போட்டார்கள். ஆளுக்கு நாலு மணி அரிசி, அஞ்சு மணி. சின்னப்பொண்ணு கடைசியாக வந்து, போட்டுவிட்டு, என்னைப் பார்த்தாள். மூடிய கையை என் கையில் வைத்துத் திறந்தாள். "உங்க பங்குண்ணே," என்றாள். அவளுக்கு எப்போதும் பாதிதான்.

கடை நிறைய அரிசி வைத்திருந்தவன் நான். அவள் கொடுத்த அந்த அரிசியைத்தான் உனக்குப் போட்டேன். புறங்கையைத் திருப்பி, நீ கற்றுக்கொண்ட மாதிரியே. உன் உதடு துடிக்கும், புஸ்ஸென்று ஊதுவாய் என்று ஒரு கணம் காத்திருந்தேன், சத்தியமாகக் காத்திருந்தேன். நீ ஊதவில்லை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

பிறகு வேலியைப் பிரித்தார்கள். லயத்தில் அவரவர் வீட்டில் உலை கொதித்தது. உன் விதிக்கு வேலை இல்லாமல் போனது. அப்படி ஒன்று இருந்தது என்பதே இப்போது யாருக்கும் தெரியாது. குழாய் வந்தது, வேறு யாரோ கொண்டுவந்தார்கள், திறப்புவிழாவில் உன் பேரைச் சொல்லவில்லை. தங்கச்சி, மகள் வீட்டோடு சுங்கை ஆயர் தாவாருக்குப் போனவள் அங்கேயே கண்ணை மூடினாள். சின்னப்பொண்ணுவும் போய்விட்டாள். அவளுக்கு நான் கொண்டுபோனேன், ஒரு முழுப் பிடி.

என் ஆட்கள் திரும்பி வரவில்லை. ஊரில் பள்ளிக்கூடம், பிறகு வேலை, பிறகு கல்யாணம். பெண்டாட்டி அங்கேயே போனாள். தந்தி கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கை ஆட்டிக்கொண்டே போன சின்னவனுக்கு இப்போது பேரன் இருக்கிறான். அப்பா இங்கே வந்துவிடுங்கள் என்று வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? இங்கேயும் யாரைத் தெரியும் என்று கேட்காதே.

அந்தப் பெண் மடித்த தாளோடு காரில் ஏறிப் போனதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் பெரியப்பாவைச் சுற்றி நிற்க எத்தனை பேர் காத்திருந்தார்களோ. நீ சொன்ன சொல் மட்டும் என்னிடம் இருக்கிறது. வரலைன்னா நான் போடறேன் என்றாய். அவர்கள் வரவில்லைடா. அரிசி இருக்கிறது, மூட்டை மூட்டையாய் இருக்கிறது. யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. நீ வந்து போட வேண்டும், அவ்வளவுதான்.